சீனப் பள்ளியில் வெளிநாட்டு ஆசிரியர் வேலை: லீவும் வேலைநேரமும் எவ்வளவு தேறும்?

"ஆண்டுக்கு மூன்று மாதம் விடுமுறை." சீனப் பள்ளிகளும் அவற்றுக்கு ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சிகளும் போடும் விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது. பல பள்ளிகளில் அது உண்மையும்கூட. ஆனால் அந்த மூன்று மாதத்தில் எத்தனை நாளுக்குச் சம்பளம் வரும், எத்தனை நாளை ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்து ஈடுகட்ட வேண்டும், டிக்கெட் போடும் அளவுக்கு முன்கூட்டியே தேதி தெரியுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் பள்ளிக்குப் பள்ளி மாறும். இந்த மதிப்பீட்டில் எல்லா வகைப் பள்ளிகளையும் அந்த மூன்றை வைத்தே எடைபோட்டிருக்கிறோம். சம்பளத் தொகை, தங்குமிடம், மாணவர் தரம் ஆகியவற்றுக்குள் போகவில்லை.

முதலில் அடிப்படை. சீனாவில் அரசு பொது விடுமுறை 2025 ஜனவரி 1 முதல் ஆண்டுக்கு 13 நாள். அதற்கு முன் 11 நாளாக இருந்தது. ஆங்கிலப் புத்தாண்டுக்கு 1, வசந்தத் திருநாள் எனப்படும் சீனப் புத்தாண்டுக்கு 4, முன்னோர் சமாதிகளைத் துப்புரவு செய்யும் சிங்மிங் நாளுக்கு 1, மே தினத்துக்கு 2, டிராகன் படகுத் திருநாளுக்கு 1, நடு இலையுதிர்காலத் திருநாளுக்கு 1, தேசிய தினத்துக்கு 3. புதிதாகச் சேர்ந்த இரண்டு நாட்கள் சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாளும் மே 2-ம். வெளிநாட்டவர் வேலைவாய்ப்பு விதிகளின்படி வேலைநேரம், ஓய்வு, விடுமுறை மூன்றிலும் வெளிநாட்டு ஊழியருக்கும் நாட்டின் பொது விதிகளே செல்லும். ஆகவே இந்த 13 நாளும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் உங்களுக்கு உண்டு. "சீனப் பொது விடுமுறைகள் அனைத்தும் வழங்கப்படும்" என்பதை ஒரு பள்ளி தனிச் சலுகைபோலச் சொன்னால், அதைச் சலுகைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

13 நாள்தான் என்றால் தேசிய தினத்துக்கு எட்டு நாள் லீவு எப்படி வருகிறது? 2025-ஐப் பிரித்துப் பார்க்கலாம். அக்டோபர் 1 முதல் 8 வரை நாடு மூடியிருந்தது. இதில் அக்டோபர் 1, 2, 3 தேசிய தினத்துக்கு. 6-ஆம் தேதி நடு இலையுதிர்காலத் திருநாளுக்கு. ஆக உண்மையான லீவு 4 நாள். 4, 5 தேதிகள் எப்படியும் வரும் சனி, ஞாயிறு. மிச்சம் இருக்கும் 7, 8 தேதிகள் கடனாக வாங்கியவை. அந்தக் கடனை செப்டம்பர் 28 ஞாயிறும் அக்டோபர் 11 சனியும் வேலை செய்து அடைத்தார்கள். இந்த ஏற்பாட்டுக்கு தியாவ்ஷியூ என்று பெயர். ஊழியர் அறையில் மாதம் ஒருமுறையாவது காதில் விழும் சொல்.

அடுத்த ஆண்டுக்கான விடுமுறைப் பட்டியலை அரசவை (சீன மத்திய அமைச்சரவை) அலுவலகம் முந்தைய ஆண்டின் இறுதியில் அறிவிக்கிறது. 2025-க்கான பட்டியல் 2024 நவம்பர் 12 அன்று வந்தது. அதாவது புத்தாண்டுக்கு ஏழு வாரம் முன்புதான் முழு ஆண்டின் லீவு, ஈடு நாள் தேதிகளும் தெரியும். ஆகஸ்டில் வேலைக்குச் சேருபவருக்கு அடுத்த மே மாத லீவு எத்தனை நாள் என்று பள்ளியே சொல்ல முடியாது. இதில் பள்ளியைக் குறை சொல்லிப் பயனில்லை.

பள்ளி ஆசிரியருக்கு இதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. அலுவலக ஊழியருக்கு அது கிடையாது. சீனப் புத்தாண்டு லீவு குளிர்கால விடுமுறைக்குள் விழுந்துவிடுவதால், அதற்கான ஈடு நாட்களும் பெரும்பாலும் அதிலேயே கரைந்துவிடும். 2025-ல் நாட்டுக்கு மொத்தம் 5 ஈடு நாட்கள்: ஜனவரி 26, பிப்ரவரி 8, ஏப்ரல் 27, செப்டம்பர் 28, அக்டோபர் 11. சாதாரணப் பள்ளி ஆசிரியர் உண்மையில் வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது கடைசி மூன்று நாட்களில்தான். பயிற்சி மையத்திலோ சில மழலையர் பள்ளிகளிலோ இருப்பவருக்கு ஐந்தும் உண்டு. 2026 பட்டியலில் சீனப் புத்தாண்டுக்கு பிப்ரவரி 15 முதல் 23 வரை 9 நாள். இதன் ஈடு நாட்களில் ஒன்றான பிப்ரவரி 28 உங்கள் பள்ளி திறந்த பிறகு வருகிறதா, முன்பா என்பது உள்ளூர்க் கல்வித் துறையின் நாட்காட்டியைப் பொறுத்தது. அதை மட்டும் தனியாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஈடு நாளில் எந்த டைம்டேபிள் ஓடும் என்பதைப் பலர் கேட்கத் தவறுகிறார்கள். அரசு அறிவிப்பு "ஞாயிறு வேலைநாள்" என்பதோடு நின்றுவிடும். அன்று செவ்வாய்க்கிழமை பாடங்களா, புதன்கிழமை பாடங்களா என்பது பள்ளியின் முடிவு. உங்களுக்குச் செவ்வாயில் 2 பீரியட், புதனில் 5 பீரியட் என்றால் வித்தியாசம் பெரிது. இந்தத் தகவல் வழக்கமாக வீச்சாட் குழுவில், சீன மொழியில், வியாழன் மாலையில் வரும். வெளிநாட்டு ஆசிரியருக்குத் தனியாக யாரும் சொல்வதில்லை. அதனால் லீவுக்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் "ஈடு நாள் எந்தக் கிழமை அட்டவணை?" என்று எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது. அந்தக் கிழமையில் உங்களுக்கு வகுப்பே இல்லாவிட்டாலும், அலுவலக நேரம் உட்கார வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால் போய்த்தான் ஆக வேண்டும்.

இப்போது பணக் கணக்கு. தொழிலாளர் சட்டத்தின்படி வேலைநாளில் கூடுதல் நேரத்துக்கு 150 சதவீதம், வாராந்திர ஓய்வு நாளில் வேலை வாங்கி மாற்று ஓய்வு தராவிட்டால் 200, பொது விடுமுறை நாளில் 300. ஈடு நாள் சட்டப்படி சாதாரண வேலைநாள், ஆகவே அதற்குக் கூடுதல் ஊதியம் கேட்க முடியாது. ஆனால் அக்டோபர் 2 அன்று உங்களை ஒரு போட்டிக்கு நடுவராக அழைத்தால் மூன்று மடங்கு. ஒரு நாள் கூலியைக் கணக்கிட மாதச் சம்பளத்தை 21.75-ஆல் வகுக்க வேண்டும். 18,000 யுவான் சம்பளம் என்றால் ஒரு நாளுக்கு 827.59, பொது விடுமுறையில் அதன் மூன்று மடங்கு 2,482.76 யுவான். சொந்த லீவு எடுக்கும்போது சம்பளத்தைப் பிடித்தாலும் இதே வகுஎண்தான் நியாயம். "ஒரு நாள் வராவிட்டால் 1,500 யுவான் பிடித்தம்" என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அது சம்பளப் பிடித்தம் போல் எழுதப்பட்ட அபராதம். கையெழுத்துக்கு முன்பே அதை எடுக்கச் சொல்லுங்கள்.

இனி பள்ளி வகைகள்.

அரசுப் பள்ளிகள்தான் இந்தச் சந்தையின் நடுநிலைப் பொருள். வாரம் 16 முதல் 22 பீரியட், தொடக்கப் பள்ளியில் 40 நிமிடம், மேல்நிலையில் 40 அல்லது 45. காலை எட்டு மணிக்குத் தொடங்கி, மதியம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நீண்ட இடைவேளை விட்டு, மாலை நாலரை ஐந்து வரை போகும். 2021-க்குப் பின் பள்ளி முடிந்த பிறகு மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் கூடுதல் நேரமும் வந்துவிட்டது. வாரம் ஐந்து நாளும், நாளுக்கு இரண்டு மணி நேர அளவில் அது நடக்கிறது. வெளிநாட்டு ஆசிரியரை அதில் ஆங்கிலச் சங்கம், நாடகம் என்று சேர்த்துவிடுவார்கள். அந்த நேரம் உங்கள் வாராந்திர பீரியட் எண்ணிக்கைக்குள் வருமா, தனி ஊதியமா என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். குளிர்கால விடுமுறை நான்கு வாரம் அளவு, கோடை எட்டு வாரம் அளவு. வடக்கே ஹெய்லோங்ஜியாங் போன்ற கடுங்குளிர் மாகாணங்களில் குளிர்கால விடுமுறை நீளம். தேதி சீனப் புத்தாண்டைப் பின்தொடர்ந்து நகரும். 2025-ல் புத்தாண்டு ஜனவரி 29, 2026-ல் பிப்ரவரி 17, 2027-ல் பிப்ரவரி 6. சென்ற ஆண்டுத் தேதியை வைத்து இந்த ஆண்டு டிக்கெட் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

நாட்காட்டியில் இல்லாத ஓய்வுகளும் இங்கே உண்டு. விளையாட்டு விழாவுக்கு ஓரிரு நாள். மாதத் தேர்வு நாட்களில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு ரத்து. ஜூன் 7-ல் தொடங்கும் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு மையமாகும் பள்ளிகள் மூடப்படும். மார்ச் 8 அன்று பெண்களுக்கு அரை நாள் விடுப்பு விதியிலேயே இருக்கிறது. கேட்காவிட்டால் நினைவூட்ட மாட்டார்கள். செப்டம்பர் 10 ஆசிரியர் தினத்துக்குப் பூங்கொத்து கிடைக்கும், லீவு கிடைக்காது. கிறிஸ்துமஸும் வேலைநாளே. ஹாங்சோ போன்ற சில இடங்களில் வசந்தகால, இலையுதிர்காலப் பள்ளி விடுமுறை என்று இன்னும் சில நாட்கள் சேரும். மாதச் சம்பளக்காரருக்கு இந்த ரத்துகள் எல்லாம் லாபம். பீரியட் கணக்கில் ஊதியம் வாங்குபவருக்கு அதே ரத்துகள் நஷ்டம். அப்படிப்பட்ட ஒப்பந்தமென்றால் "மாதத்துக்குக் குறைந்தது இத்தனை பீரியட்டுக்குச் சம்பளம் உறுதி" என்ற வரி இல்லாமல் கையெழுத்திடாதீர்கள்.

விடுதியுடன் கூடிய தனியார் பள்ளிகள் வேறு உலகம். மாணவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்குப் போகிறார்கள் என்றால் நடுவில் வரும் சனிக்கிழமை பள்ளிக்கு வேலைநாள். ஞாயிறு மாலையே படிப்பு நேரம் தொடங்கிவிடும். நேர்காணலில் "வாரம் ஐந்து நாள்" என்று சொன்னாலும் டைம்டேபிளை வாங்கிப் பாருங்கள்.

பயிற்சி மையங்களுக்கு எங்கள் மதிப்பெண் மிகக் குறைவு. 2021 ஜூலையில் வந்த, வீட்டுப்பாடம், டியூஷன் இரண்டின் சுமையையும் குறைக்கும் இரட்டைச் சுமைக் குறைப்புக் கொள்கைக்குப் பின், கட்டாயக் கல்வி வயது மாணவர்களுக்குப் பாட ஆங்கிலம் உள்ளிட்ட பள்ளிப் பாடங்களை வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் பள்ளி விடுமுறைக் காலத்திலும் கற்பிக்கத் தடை. நேரடி வகுப்பு இரவு 8.30-க்குள் முடிய வேண்டும். மையங்கள் இதனால் நாடகம், கலை, அறிவியல் என்ற பெயரிலான வகுப்புகளுக்கும், பெரியவர்களுக்கான ஆங்கிலத்துக்கும் நகர்ந்தன. ஆசிரியரின் வாரம் புதன் முதல் ஞாயிறு. ஓய்வு திங்கள், செவ்வாய். வேலை பிற்பகலில் தொடங்கி இரவில் முடியும். நீண்ட விடுமுறை கிடையாது, 13 பொது விடுமுறையும் சட்டப்படியான ஆண்டு விடுப்பும்தான். அந்த ஆண்டு விடுப்பு, மொத்தப் பணி அனுபவம் 1 முதல் 10 ஆண்டுக்குள் என்றால் 5 நாள், 10 முதல் 20 என்றால் 10 நாள், அதற்கு மேல் 15 நாள். குளிர்கால, கோடை விடுமுறை இதைவிட அதிகமாகக் கிடைக்கும் பள்ளி ஆசிரியருக்கு இந்த ஆண்டு விடுப்பு தனியாகக் கிடைக்காது. பயிற்சி மையத்தில் பெற்றோர் ஓய்வாக இருக்கும் நாளெல்லாம் உங்களுக்கு வேலைநாள் என்பதால், பள்ளியில் வேலை செய்யும் நண்பரோடு சேர்ந்து ஒரு பயணம்கூடத் திட்டமிட முடியாது.

மழலையர் பள்ளிகளில் பாடம் 20 முதல் 30 நிமிடம்தான், ஆனால் எண்ணிக்கை அதிகம். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை அங்கேயே இருக்க வேண்டும். கோடை விடுமுறை பல இடங்களில் சில வாரங்களோடு சரி.

பல்கலைக்கழகங்களுக்கு, லீவு ஒன்றையே பார்த்தால், முதல் இடம் கொடுக்கலாம். வாரம் 14 முதல் 18 பாட மணி, ஒரு மணி என்பது 45 நிமிடம். பெரும்பாலும் இரண்டை இணைத்து 90 நிமிடமாக நடத்துவார்கள். வகுப்பு இல்லாத நேரம் உங்களுடையது, அலுவலகத்தில் உட்காரச் சொல்வது அரிது. முதலாண்டு மாணவர்களுக்கு செப்டம்பரில் ராணுவப் பயிற்சி நடப்பதால் அவர்களின் வகுப்புகள் சில வாரம் தாமதமாகவே தொடங்கும். பேச்சு ஆங்கிலத் தேர்வைப் பொதுத் தேர்வு வாரத்துக்கு முன்பே முடித்துவிடச் சொல்வதால் பருவ இறுதியிலும் உங்கள் பணி சீக்கிரம் முடியும். ஆனால் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றி, விடைத்தாள்களையும் பாடத்திட்டத்தையும் துறையில் ஒப்படைத்த பிறகே போக விடுவார்கள். அந்த ஒப்படைப்புத் தேதியைக் கேட்காமல் டிக்கெட் போடுவதுதான் அங்கே அடிக்கடி நடக்கும் தவறு. சம்பளம் மற்ற எல்லா வகையையும்விடக் குறைவு என்பதையும் சேர்த்தே எடைபோடுங்கள்.

வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான சர்வதேசப் பள்ளிகள் ஆண்டுக்கு 180 முதல் 190 நாள் இயங்குகின்றன. கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று வாரம், அக்டோபரில் ஒரு வாரம், முழு ஆண்டு நாட்காட்டி முந்தைய பருவத்திலேயே கையில். ஈடு நாட்களைப் பலவும் பின்பற்றுவதில்லை. தேதி விஷயத்தில் இவற்றை விஞ்ச ஆளில்லை. இருமொழித் தனியார் பள்ளிகள் பெயரில் "சர்வதேச" என்று வைத்திருந்தாலும் உள்ளூர் நாட்காட்டியையும் ஈடு நாட்களையும் பின்பற்றும். பெயரை நம்பாமல் சென்ற ஆண்டு நாட்காட்டியை அனுப்பச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் 12 மாதமா, 10 மாதமா? மாதம் 20,000 யுவான் வீதம் 10 மாதம் என்றால் ஆண்டுக்கு 2,00,000. மாதம் 18,000 வீதம் 12 மாதம் என்றால் 2,16,000. குறைவாகத் தெரிகிற சம்பளம்தான் அதிகம். அதோடு 10 மாத ஒப்பந்தம் ஜூன் இறுதியில் முடிந்தால் வீட்டு வாடகைப் படி நிற்கும். வசிப்பு அனுமதியும் அதை ஒட்டியே காலாவதியாகும். கோடையில் சீனாவுக்குள் ஊர் சுற்றலாம் என்ற திட்டம் அங்கேயே கவிழ்ந்துவிடும்.

ஏஜென்சி வழியாக அரசுப் பள்ளிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு முதலாளிகள், இரண்டு நாட்காட்டிகள். பள்ளி மூடியதும் ஏஜென்சி "இரண்டு வாரக் கோடை முகாம்" என்று அழைக்கும். முகாம் நாட்கள் எத்தனை, ஊதியம் எவ்வளவு, மறுக்கலாமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இன்னொரு நிறுவனத்தின் முகாமில் போய்ப் பாடம் எடுப்பது அதைவிட ஆபத்து. வேலை அனுமதியில் உள்ள நிறுவனத்தைத் தவிர வேறெங்கு வேலை செய்தாலும் சட்டவிரோத வேலைதான். 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், கடுமையான நிலையில் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. நண்பருக்கு உதவி என்றாலும் விடுமுறை என்றாலும் விலக்கில்லை.

புதிதாக வருபவர்களின் முதல் அக்டோபர் லீவு பாஸ்போர்ட்டில்தான் சிக்குகிறது. வேலை விசாவில் நுழைந்த 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். முடிவு சொல்லக் குடிவரவு அலுவலகத்துக்கு 15 நாள் அவகாசம். அதுவரை பாஸ்போர்ட் அவர்களிடம். ஆகஸ்ட் 25 வாக்கில் வந்து, மருத்துவப் பரிசோதனையும் வேலை அனுமதியும் முடித்து செப்டம்பர் 20-க்குப் பின் விண்ணப்பித்தால், தேசிய தினத்துக்கு முன் பாஸ்போர்ட் திரும்ப வராமல் போகலாம். லீவில் அலுவலகமும் மூடியிருக்கும். வேலை விசா வழக்கமாக ஒருமுறை நுழைவுக்கானது என்பதால், பாஸ்போர்ட் கையில் இருந்தாலும் அனுமதி ஒட்டப்படும் முன் வெளியே போனால் திரும்பி வர முடியாது. முதல் அக்டோபருக்கு வெளிநாட்டுப் பயணம் போடவே வேண்டாம். வந்த முதல் வாரத்திலேயே மருத்துவப் பரிசோதனைக்குப் போகுமாறு பள்ளியை நெருக்குங்கள்; தாமதம் பெரும்பாலும் அங்கேதான். வெளிநாடு போய்த் திரும்பினால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் தங்குமிடப் பதிவு தேவையா என்பதை உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்வதும் நல்லது.

உள்நாட்டில் போவதென்றால் சீன ரயில்வேயின் 12306 செயலியில் ரயில் டிக்கெட் 15 நாள் முன்பாகத் திறக்கும். அக்டோபர் 1 டிக்கெட் செப்டம்பர் 17-ல் வரும். நிலையத்துக்கு நிலையம் திறக்கும் மணி வேறு. பாஸ்போர்ட் சரிபார்ப்பை அதற்கு முன்பே முடித்து வையுங்கள், திறந்த நாளில் தொடங்கினால் டிக்கெட் போய்விடும். கிடைக்காவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் பதிவு செய்யலாம். புறப்பாட்டுக்கு 8 நாளுக்கு மேல் இருக்கும்போது ரத்து செய்தால் கட்டணம் இல்லை. ஆகவே பள்ளி தேதி சொல்லத் தாமதித்தால், இரண்டு தேதிக்கும் எடுத்து வைத்து ஒன்றை ரத்து செய்வது நடைமுறையில் உதவும்.

மொழி ஆசிரியருக்கான வேலை அனுமதி பொதுவாக அம்மொழி தாய்மொழியாக உள்ள நாட்டுக் குடிமக்களுக்கே தரப்படுவதால், இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுடன் போகிறவர்களுக்கு வாய்ப்பு முக்கியமாகக் கணிதம், அறிவியல் போன்ற பாட ஆசிரியர் பணிகளில்தான். அவர்களுக்கு ஒரு குறிப்பு. பொங்கல் பருவத் தேர்வுக் காலத்தில் விழும். வினாத்தாளும் மதிப்பெண்ணும் உங்கள் பொறுப்பு என்பதால் அப்போது விடுப்பு கிடைப்பது கடினம். தீபாவளி அக்டோபர் லீவுக்குப் பின் வரும். 2025-ல் அது அக்டோபர் 20, ஈடு நாளான 11 முடிந்து ஒன்பதாவது நாள். கேட்பதானால் செப்டம்பரிலேயே, சொந்த விடுப்பாக, சம்பளப் பிடித்தத்துக்கு ஒப்புக்கொண்டு, உங்கள் பீரியட்களை எந்த ஆசிரியரோடு மாற்றிக்கொள்கிறீர்கள் என்ற பட்டியலோடு கேளுங்கள். பீரியட் மாற்றம் தயாராக இருந்தால் ஒரு நாள் விடுப்புக்குப் பெரும்பாலான துறைத் தலைவர்கள் சம்மதிக்கிறார்கள். அதை ஒப்பந்தத்திலேயே "ஆண்டுக்கு 2 நாள் சமய விடுப்பு" என்று சேர்க்கக் கேட்பதும் செல்லும். கிறிஸ்துமஸுக்கு அப்படித் தரும் பள்ளியிடம் தீபாவளிக்கும் தாருங்கள் என்று கேட்டால் மறுப்பது அவர்களுக்குக் கடினம்.